பெட்டியிலிருந்து வந்தவன்

காலிமனையில் கிடந்த பழைய டயருக்குள் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. அதன் விளிம்பில் துணைக்காகக் காத்திருந்தாள் ஒரு பெண் கொசு. கொசுப் பெண்ணுக்கு ஆயுளுக்கும் ஒரே துணைதான். அவளைத் தேடி ஓர் ஆண் கொசு வந்தான். அன்று காலையில்தான் ஆய்வுக்கூடத்து ஆட்கள் அவனைப் பெட்டியிலிருந்து திறந்துவிட்டிருந்தார்கள்.

வந்தவனுக்கு அவளை ஏமாற்ற மனம் வரவில்லை.

"நான் முட்டையா இருந்தப்போ கண்ணாடி ஊசியால குத்தி உள்ளே எதையோ வச்சுட்டாங்க. எனக்குப் பிறக்கிற பொண்ணுங்க ஒண்ணுகூடப் பிழைக்காது. புழுவா இருக்கும்போதே தண்ணியில செத்துப்போயிடும்னு அவங்க பேசிக்கிட்டாங்க."

அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதனால என்னை விட்டுடு. நல்லவனா வேற ஒருத்தனைப் பாரு," என்றான். சொன்னதும் நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது. இனி எங்கே போனாலும் நிம்மதியாகப் போகலாம் என்று சிறகை விரித்தான்.

"இன்னிக்கு வந்ததுல நீ ஏழாவது ஆள்," என்றாள் அவள். "ஏழு பேரும் இதையேதான் சொன்னீங்க. வேற ஒருத்தனைப் பாருன்னுதான் எல்லாரும் கிளம்புறீங்க. அந்த வேற ஒருத்தன் எங்கே இருக்கான்?"

விரித்த சிறகு அப்படியே நின்றது. தெருமுனையில் அடுத்த பெட்டியைத் திறந்துகொண்டிருந்தார்கள்.