பதினேழாம் நம்பர் கைக்குட்டை

"இந்தக் கந்தலையெல்லாம் இப்பவே கழட்டணும்!"

ஆலை மேனேஜர் போட்ட சத்தத்தில் தலைமையாசிரியர் தன் அறையிலிருந்து ஓடி வந்தார். பள்ளிக்கு இரண்டு வகுப்பறை கட்டிக் கொடுத்ததே அந்த ஆலைதான். மூன்றாவதுக்கு மனு போட்டுவிட்டுக் காத்திருக்கும் நேரம் பார்த்தா இந்த வம்பு வர வேண்டும்!

வராந்தாவில் கயிறு கட்டி முப்பது கைக்குட்டைகள் தொங்கின. எல்லாம் அறிவியல் டீச்சர் செய்த வேலை. பிள்ளைகளிடம் ஆளுக்கொரு வெள்ளைக் கைக்குட்டையைக் கொடுத்து, "ஒரு வாரம் உங்க வீட்டுல காத்து படற இடத்துல கட்டித் தொங்க விடுங்க. நாம எதை மூச்சா இழுக்கறோம்னு கண்ணால பார்த்துடுவோம்" என்றிருந்தாள். திரும்பி வந்ததில் ஒன்றுகூட வெள்ளையாக இல்லை. பதினேழாம் நம்பரோ அடுப்படிக் கரித்துணி மாதிரி இருந்தது. நாலு மணிக்குப் பெற்றோர்கள் பார்க்க வருகிறார்கள்.

"கழட்டிடுங்கம்மா. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று கெஞ்சினார் தலைமையாசிரியர்.

"என் கிளாஸ்ல பதினோரு பேர் பையில இன்ஹேலரோட வர்றாங்க சார். அடுத்த வருஷம் வரைக்கும் மூச்சைப் பிடிச்சு வச்சுக்கச் சொல்லட்டுமா?"

மேனேஜர் பதினேழாம் நம்பர் முன்னால் போய் நின்றார். "சுத்தப் பித்தலாட்டம்! ஒரு வாரத்துல இவ்வளவு கருக்குமா? சட்டி அடியில தேய்ச்சுக் கொண்டு வந்திருக்கு ஏதோ ஒண்ணு. எந்தப் பிள்ளை? பேரைச் சொல்லுங்க."

"பேர் எழுதலை. நம்பர் மட்டும்தான்."

"அது ஏன்?"

"பாதிப் பேரோட அப்பா உங்க ஆலையிலதான் வேலை பார்க்கறாங்க. பிள்ளை உள்ளதைச் சொல்லப் போய் அப்பா வேலைக்கு உலை வச்சுடக் கூடாதில்ல?"

சபாஷ் என்று தலைமையாசிரியரின் மனசு கைதட்டியது.

"யாருக்கு எந்த நம்பர்னு நோட்டு வச்சிருப்பீங்கள்ல, குடுங்க!"

டீச்சர் நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "தலைகீழா நின்னாலும் தர மாட்டேன்."

"உங்க வேலை போயிடும்."

"போகட்டும். இதையெல்லாம் வாரிக்கிட்டுப் போய் கேட்டுக்கு வெளியில கட்டறேன். ரோடும் உங்களுதா என்ன?"

தலைமையாசிரியருக்கு என்னதான் ஆனதோ! "சார், அவங்களை வேலையை விட்டு எடுக்கணும்னா நான் கையெழுத்துப் போடணும். போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். சொன்ன வேகத்தில் மூன்றாவது வகுப்பறை அவர் கண் முன்னாலேயே பொலபொலவென்று இடிந்து விழுந்தது. விழட்டுமே, சனியன்!

மேனேஜரின் முகம் ஜிவுஜிவு என்றானது. வகுப்பு வாசலில் மொய்த்து நின்ற பிள்ளைகள் பக்கம் திரும்பினார்.

"யாரு அந்தப் பதினேழு? பொய் சொன்ன கழுதையை நானே பார்க்கறேன். வா வெளியே!"

"யாரும் வராதீங்க!" என்று டீச்சர் குறுக்கே பாய்ந்தாள்.

பின்வரிசையிலிருந்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு சிறுமி வந்து நின்றாள். வந்த இருமலை இருமி முடித்துவிட்டு, மேனேஜரை நேருக்கு நேர் பார்த்தாள்.

"நான்தான், அப்பா. நம்ம வீட்டு மாடியில, என் ரூம் ஜன்னல்ல கட்டினது."