கதவைச் சாத்திட்டு உட்காருங்க

மனிதவள மேலாளர் கூப்பிடுவதாகச் சொன்னதும் ஸ்டோர் கீப்பர் கணக்குப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுந்தார். எப்போதும் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு ஓடும் அந்த அம்மாள் ஒருவரை உட்கார வைத்துப் பேசுவது, வேலையை விட்டு அனுப்பும்போது மட்டும்தான்.

"கதவைச் சாத்திட்டு உட்காருங்க."

அவர் உட்காரவில்லை. கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"பெரியவ இப்பத்தான் காலேஜ் சேர்ந்திருக்கா, மேடம்."

"ஐயோ, அதெல்லாம் இல்லைங்க. இனிமே ஓட்டத்தைக் குறைச்சுட்டு, தினம் ஒருத்தர்கிட்டயாவது நிதானமா பேசலாம்னு இருக்கேன். உங்களுக்கு இங்க என்ன கஷ்டம்?"

"நீங்க கூப்பிட்டதுதான், மேடம்."

மேலாளரின் முகம் சுண்டிப்போனது. "சரி, அப்ப நானே உங்க இடத்துக்கு வர்றேன். வாங்க."

இருவரும் சேர்ந்து வருவதைப் பார்த்ததும், ஸ்டோரில் இருந்த ஒன்பது பேரும் அட்டையைக் கழற்றினார்கள்.