இருபது வளைவுகள்

“ஏனுங்க, சேலம் வரைக்கும் வந்துட்டு, ஊட்டுக்கு நாளைக்குத்தான் வருவேன்னா என்னங்க அர்த்தம்?”

ஏற்காட்டில், ஜன்னலோரம் நின்றபடி ஈவ்லின் போனில் பொரிந்து தள்ளினாள். கல்யாணமாகி மூன்று மாதம். அதில் இரண்டு மாதத்தைக் கடலுக்குக் கொடுத்துவிட்டான் ஜாபெஸ். காரைக்கால் பக்கம் மூழ்கிக் கிடக்கும் பழைய கப்பலுக்குள் இறங்கிப் படம் எடுக்கிற வேலை.

“காலையிலதான் கடைசியா முங்குனேன், ஈவ்லின். ஆழத்துக்குப் போனவன் ஒரு நாள் முழுசா கழியாம மலை ஏறக்கூடாது. மேல காத்தழுத்தம் கம்மி, ரத்தத்துல காத்து கொப்புளம் கட்டிரும். மொதல்ல விரலு மரத்துப் போகும். அப்புறம் கையி காலு விழுந்துரும். ஆளே போனாலும் போயிருவான்.”

“கடலுக்குள்ள எறங்கறப்ப வராத பயம், நம்ம மலைக்கு வாரப்பதான் வருதாக்கும்.”

அவன் சிரித்தான். “அந்தக் கப்பலைப் பாத்தா நீயும் எறங்கிருவே. பீங்கான் கோப்பையெல்லாம் அடுக்குன மேனிக்கே இருக்குது. நடுவுல மீனு போயிட்டு வருது. மேல வர மனசே வராது.”

“அப்ப அதையே கட்டிக்கிட்டு அழுவுங்க.” சொன்ன வேகத்திலேயே குரலைத் தாழ்த்தினாள். “உங்களை நொம்பத் தேடுதுங்க. தினமும் மறதியா ரெண்டு டம்ளர் காப்பி போட்டு, ரெண்டையும் நானே குடிக்கிறேன்.”

அந்தப் பக்கம் நீளமாக ஒரு ஹாரன் கேட்டது.

“எங்க இருக்கீங்க?”

“பஸ் ஸ்டாண்டுலதான். சத்தமா இருக்குது, அப்புறம் பேசறேன்.” லைன் கட்டானது.

திரும்பத் திரும்ப அடித்தாள். கிடைக்கவில்லை. இனி அவனாகக் கூப்பிட்டாலும் பேசுவதில்லை என்று முடிவு செய்தாள்.

அரை மணி நேரத்தில் கதவு தட்டப்பட்டது. திறந்தால் தோளில் பையும் முகமெல்லாம் சிரிப்புமாக ஜாபெஸ்.

“நாளைக்குன்னு சொன்னீங்க?”

“நீ போன்ல திட்டறப்பவே பஸ்ஸு இருபது வளைவுல பத்தாவதைத் திரும்பிருச்சு. ஒரு நாள் கணக்கெல்லாம் சும்மா, ஒரு ஜாக்கிரதைக்குச் சொல்றது. என்னால அங்க உக்கார முடியல.”

அவள் அடுப்படிக்கு ஓடினாள். இன்றைக்கு மறதியாக இல்லாமல், வேண்டுமென்றே இரண்டு டம்ளர் காப்பி போட்டு எடுத்து வந்தாள்.

அவன் வாங்கினான். டம்ளர் பிடியில் நிற்காமல் நழுவிக் கீழே விழுந்து உருண்டது.

“விரலு கொஞ்சம் மரத்துப் போச்சு,” என்றான் ஜாபெஸ், சிரித்தபடியே. “மலைக் குளிரு.”

ஈவ்லின் ஜன்னலைப் பார்த்தாள். வெளியே சித்திரை வெயில் இன்னும் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.