இறக்காத கொடி

கரீபியக் கடலின் சின்னத் தீவொன்றில் இருந்த டச்சுக் கோட்டை ஆங்கிலேயர் கைக்குப் போய் மூன்று நாளாகியும், கம்பத்தில் டச்சுக் கொடியே பறந்தது. சிறையிலிருந்த டச்சுச் சிப்பாய் யோரிஸை வெளியே கூட்டிவந்து, அவனுடைய நீலச் சட்டையையும் துப்பாக்கியையும் திருப்பிக் கொடுத்தார்கள். துப்பாக்கியில் மருந்து இல்லை.

“எப்பவும் போலக் காவலுக்கு நில்லு” என்றான் ஆங்கிலேய அதிகாரி.

“எதுக்குங்க காவல்?”

“உன் கொடிக்குத்தான்.”

யோரிஸுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பழக்கத்தில் கொடிக்கு சல்யூட் அடித்தான். பக்கத்தில் நின்ற அதிகாரியும் அடித்தான். தோற்றது யாரென்றே யோரிஸுக்குக் குழம்பிப் போயிற்று.

மத்தியானம் தொலைவில் ஒரு கப்பல் தெரிந்தது. அதிலும் அதே கொடி. அவன் அண்ணன் வேலை பார்க்கும் கப்பல். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. துப்பாக்கியைப் போட்டுவிட்டு இரண்டு கைகளையும் தலைக்கு மேலே வீசினான்.

“வராதீங்க! திரும்பிப் போயிருங்க!”

எதிர்க்காற்று அவன் குரலைக் கோட்டைக்குள்ளேயே தள்ளியது. அதிகாரி அவனைத் தடுக்கவில்லை.

கப்பலின் மேல்தளத்தில் எறும்பளவு தெரிந்த ஆட்கள் தொப்பிகளைக் கழற்றி உற்சாகமாக ஆட்டினார்கள். கப்பல் துறைமுகத்தை நோக்கித் திரும்பியது.

“நல்லாக் கூப்பிடுறே” என்றான் அதிகாரி. “நாளைக்கும் நீயே நில்லு.”

யோரிஸின் கைகள் இன்னும் மேலேதான் இருந்தன. அவற்றை இறக்கினால் அண்ணன் என்ன நினைப்பான் என்று அவனுக்குத் தெரியவில்லை.