ஒரு சாண் தூரம்

கணவர் சேவியர் இறந்த பிறகு ரெஜினா தனியாக அந்தக் கடற்கரை கோல்ஃப் மைதானத்துக்கு வந்திருந்தாள். போன வருடம் இருவரும் சுற்றுலா வந்தபோது அவர் ஆடிய ஒவ்வொரு அடியும் மைதானத்தின் கணினி நினைவில் இருந்தது. கேட்டால், அவருடைய பந்தை மட்டும் மறுபடி அதே வழியில் ஓடவிடுவார்கள்.

காலையிலிருந்து ஆளில்லாத அந்தப் பந்தோடுதான் அவள் ஆடிக்கொண்டிருந்தாள். மணல்மேட்டைத் தாண்டிப் பறந்து, கடல்காற்றில் ஒதுங்கி, அன்றைக்குப் போலவே அது புதருக்குள் விழுந்தது.

"எத்தனை தடவ சொன்னாலும் அங்கதான் போவீங்களா?" என்று அவளும் அன்றைக்குப் போலவே திட்டினாள்.

கடைசிக் குழிக்கு ஒரு சாண் முன்னால் பந்து நின்றது. அப்புறம் அசையவே இல்லை.

"ரிப்பேரா?" என்று மட்டைப் பையைச் சுமந்து வந்த ஸ்டெல்லாவிடம் கேட்டாள்.

"இல்லம்மா. அன்னைக்கும் நான்தானே கூட வந்தேன். சார் இதை அடிக்கவே இல்ல. இவ்வளவு கிட்ட வந்துட்டா எதிர்ல ஆடுறவங்க விட்டுக்கொடுக்கலாம்ல. 'போதும், எடுத்துக்கோங்க'ன்னு நீங்கதான் சொன்னீங்க. இப்பவும் நீங்க சொன்னாத்தான் ஆட்டம் முடியும்."

அன்றைக்கே அவர் கை நடுங்க ஆரம்பித்திருந்தது. அதனால்தான் விட்டுக்கொடுத்தாள்.

வாய் வரை வந்த வார்த்தையை ரெஜினா விழுங்கிக்கொண்டாள். பின்னால் அடுத்த குழு வந்து காத்து நின்றது. அவள் ஷூவைக் கழற்றிவிட்டு, பந்துக்குப் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்தாள்.

"அவங்கள முன்னால போகச் சொல்லும்மா," என்றாள். "நாங்க மெதுவாத்தான் ஆடுவோம்."