பச்சை எரிந்த கை

காசிமேட்டில் மீன்கூடை தூக்கும் தேசிங்கு குத்துச்சண்டை மேடையில் ஏறினாலே, சாம்பியனின் கணிப்புப் பெட்டி சிவப்பாக எரிந்தது. யாரிடம் மோதினால் சாம்பியனுக்குத் தோல்வி என்று முன்கூட்டியே காட்டும் பெட்டி அது. சிவப்பு எரிந்தவனோடு எந்தச் சாம்பியனும் மோதமாட்டான். தேசிங்குக்கோ வயது ஏறிவிட்டது. இந்த வருடத்தை விட்டால் அவனுக்கு மேடையே கிடையாது.

பொடிப்பயல்களிடம் வேண்டுமென்றே தோற்றுப் பார்த்தான். அவன் அடக்கிக்கொண்ட குத்துகளையும் பெட்டி கண்டுகொண்டு இன்னும் சிவந்தது.

கடைசியில் இடது கையைத் தரையில் விரித்து வைத்து, குழவிக்கல்லை மனைவி பாக்கியத்திடம் நீட்டினான்.

"போடு."

"கைய ஒடச்சிக்கினு எப்பிடிய்யா ஜெயிப்ப?"

"மொதல்ல அவன் மேடைக்கு வரட்டும்டி. மீதிய வலது கை பாத்துக்கும்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போட்டாள்.

கைக்கட்டோடு சாம்பியன் முன் போய் நின்றபோது பெட்டியில் பச்சை எரிந்தது. சாம்பியன் ஓடிவந்து தோளில் கைபோட்டான். "உங்களோட மோதணும்னு ரொம்ப நாளா ஆசைண்ணே" என்றான்.

சண்டைக்கான நாள் வந்தது. பாக்கியம் அவன் இடது கையில் கையுறையை மாட்டப் பார்த்தாள். விரல்கள் மடங்கவே இல்லை.

"இப்ப உங்கூட நானே மோதலாம்யா" என்று சொல்லி, கையுறையின் கயிற்றை இறுக்கிக் கட்டினாள்.