இருபத்திரண்டு டிகிரி

இருபத்திரண்டு. அவள் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். மனசு கேட்கவில்லை, திருப்பிப் பார்த்தாள். மறுபடியும் அதே இருபத்திரண்டு.

"என்ன, வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்றாள் பக்கத்து இருக்கைக்காரி.

"எங்கப்பா இன்னும் அடுப்பு பத்த வைக்கல."

பக்கத்து இருக்கைக்காரி விழித்தாள். பாவம், விழிக்காமல் என்ன செய்வாள்?

அம்மா போனபிறகு அப்பா தனியாக இருக்கிறார். அவர் சமையலறையில், அடுப்புக்கு மேலே உள்ள அலமாரியில், சீட்டுக்கட்டு அளவில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டரை வைத்திருந்தாள் இவள். அதில் செருகிய சென்சார் அறையின் சூட்டை அளக்கும். அளந்ததை அது கிளவுடுக்கு அனுப்ப, அங்கிருந்து இவள் போனில் ஒரு கோடாக வந்து விழும். காலையில் காபிக்கு அடுப்பு எரிந்தால் கோடு ஏறும். ஏறினால் அப்பா நலம்.

கேமரா வைக்கலாம் என்றதற்கு, "நான் என்ன திருடனா?" என்று குதித்தார். மகள் வீட்டுக்கு வரவும் மாட்டேன் என்றார். கடைசியில் பேரம் இந்தச் சூட்டில் வந்து படிந்தது.

"உங்க உடம்புக்கு ஒண்ணுன்னா, அன்னைக்கே மூட்டை கட்டிக்கிட்டு என் வீட்டுக்கு வந்துடணும். அப்புறம் தனியா இருப்பேன்னு ஒரு பேச்சு பேசக்கூடாது" என்று கறாராகச் சொல்லியிருந்தாள்.

"சரிம்மா. கோடு ஏறுற வரைக்கும் என்னை விட்டுடு" என்றார் அவர்.

கோடு ஒருநாளும் ஏமாற்றியதில்லை. இந்த வாரம்தான் கொஞ்சம் சோம்பல். விடிவதற்குள் ஏறுகிற கோடு, இவள் ஆபீஸ் வந்து சேர்ந்தபிறகு ஏறி, ஏறிய வேகத்தில் இறங்கியது. கேட்டதற்கு, "கொஞ்சம் சேர்த்துத் தூங்கினா குத்தமா? கோடுதான் ஏறுதே, அப்புறம் எதுக்கு போனு?" என்று வைத்துவிட்டார். மனுஷன் ஒருவழியாக ஓய்வெடுக்கக் கற்றுக்கொண்டார் என்று அவளுக்கு ஏக சந்தோஷம்.

இன்றைக்கு மதியம் நெருங்கியும் கோடு அசையவில்லை.

"நெட் போயிருக்கும்" என்றாள் பக்கத்து இருக்கைக்காரி.

"போயிருந்தா எதுவுமே வராது. இது டாண் டாண்ணு வந்துட்டிருக்கு."

"அப்ப சென்சார் கெட்டிருக்கும்."

"கெட்டா கன்னாபின்னான்னு காட்டும். இது நல்லாத்தான் வேலை செய்யுது."

தான் செய்த சாமான் பழுதாகித் தொலைத்திருக்கக் கூடாதா என்று ஏங்கினாள்.

அப்பாவின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. மேனேஜரிடம் ஏதோ அரைகுறையாகச் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினாள். ஒவ்வொரு சிக்னலிலும் போனைப் பார்த்தாள். இருபத்திரண்டு. குளியலறையில் வழுக்கி விழுந்திருப்பாரோ? கூப்பிடக்கூட முடியாமல் கிடக்கிறாரோ? கோட்டை நம்பிப் பெற்றவரைத் தனியாக விட்டேனே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

வாசலில் பூட்டு தொங்கியது.

அதைப் பார்த்ததும் போன உயிர் திரும்பி வந்தது. காலையிலேயே எங்கேயோ கிளம்பிப் போயிருக்கிறார், அவ்வளவுதான். வரட்டும், இன்றைக்கு இருக்கிறது கச்சேரி. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. எதிர்வீட்டு அக்கா தலையோடு போர்த்திக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி மெல்ல நடந்து வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"பயந்துபோய் ஓடி வந்துட்டியா? தப்பு என்னுதுதாம்மா. ராத்திரியிலருந்து உடம்பு நெருப்பாக் கொதிக்குது, காலையில எழுந்திருக்கவே முடியல. இப்பதான் அடுப்பு ஞாபகம் வந்து எழுந்து வரேன்."

"எந்த அடுப்புக்கா?"

அக்கா கையிலிருந்த சாவியைப் பார்த்தாள். பிறகு இவள் முகத்தைப் பார்த்தாள்.

"ஆஸ்பத்திரியில சேரப் போறப்ப, தினம் பத்த வச்சிடுன்னு சொல்லித்தானேம்மா உங்கப்பா சாவியக் குடுத்தார்."